தண்ணீர் ஊற்றாத பிள்ளை

மாதா துணை

தோகா,
12.03.1982

என் அன்பு றஞ்சிதம்,

நான் நல்ல சுகம். உன் சுகமும் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் சுகமும் அறிய இந்தப் பாலைவனத்தில் ஒரு சீவன் காத்துக் கிடக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்.

உன் போன கடிதத்தைப் பிரித்ததுமே ஒரு குறை கண்ணில் பட்டது. தலைப்பில் ‘மாதா துணை’ இல்லை. அவசரத்தில் விட்டிருப்பாய் என்று நினைத்தேன். பிறகு இமக்குலேற் அக்காவின் கடிதம் வந்தது. நீ இப்போது ஞாயிறு பூசைக்கு வருவதில்லையாம். பாண்டிருப்பில் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் கூடுகிற புதுச் சபைக்குப் போகிறாயாம். தம்பியின் பெண்சாதி இப்படிச் செய்வாள் என்று கனவிலும் நினைக்கவில்லை என்று அழுதழுது எழுதியிருக்கிறா.

சண்டை பிடிக்க எழுதவில்லை. எனக்கு அறிய ஆசை. அங்கே சுவாமியார் இல்லையாமே, அப்படியானால் பூசை வைப்பது யார்? சுரூபமும் இல்லை, மெழுகுதிரியும் இல்லை என்றால் எதைப் பார்த்துக் கும்பிடுவீர்கள்? எந்த வெள்ளைக்காரன் இதை நடத்துகிறான்? என் அறையில் இருக்கிற கல்முனைக்குடி ஜெமீலுக்கு என்னைவிட ஆவல். “மச்சான், உன்ர பொஞ்சாதிக்கிட்டக் கேளு, அவங்க ஒரு நாளைக்கு எத்தின நேரம் தொழுறாங்க?” என்று பலகை அடிக்கிற இடத்திலும் விடாமல் கேட்கிறான்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வைகாசியில் பிள்ளை பிறந்ததும் தாமதிக்காமல் கோயிலுக்குக் கொண்டுபோய் ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும். மூத்தவளுக்கு நடந்தது இந்தப் பிள்ளைக்கும் நடக்கக் கூடாது. அக்காதான் ஞானத்தாய். நான் அவவுக்கு எழுதிவிட்டேன்.

உன்,
கிறகரி

*

கர்த்தர் துணை

கல்முனை,
02.04.1982

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் பிள்ளை உதைக்கிற உதையில் இங்கே ஒருத்திக்கு நித்திரை இல்லை. மற்றப்படி குறை ஒன்றும் இல்லை. வெயில்தான் தாங்க முடியவில்லை. ஆனால் தோகாவில் இருப்பவரிடம் போய் வெயிலைப் பற்றி முறையிடலாமா?

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். பூசை இல்லை, ஆகவே பூசை வைக்க ஆளும் தேவையில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாணை எடுத்து நன்றி சொல்லி, ஆளுக்கு ஆள் பிட்டுக் கொடுப்பார்கள். ஒரே கிண்ணத்தில் திராட்சைச் சாறு கைமாறி வரும். அது ஆண்டவரின் உடலாக மாறுவதில்லையாம், அவருடைய சாவை நினைப்பதற்குத்தானாம். வெள்ளைக்காரன் ஒருவனையும் நான் காணவில்லை. ஆயரும் இல்லை. மூப்பர்மார் மூன்று பேர். அவர்களில் பெரியவர் கிறிஸ்ரோபர் அண்ணன், முன்பு மெதடிஸ்த கோயிலுக்குப் போனவர், நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. வேதத்தில் உள்ளதுதான் சட்டம், அதற்கு மேல் ஒரு சட்டமும் இல்லை என்பார். மனிசர் எல்லாரும் பாவிகள். உபவாசம் இருந்தோ செபமாலை சொல்லியோ தன்னைத்தானே மீட்க ஒருவராலும் முடியாது. இயேசு சிலுவையில் ஒரே தரம் செய்தது போதும். அதை நம்பித் தன்னை ஒப்புக்கொடுக்கிறவர் மறுபடியும் பிறக்கிறார். அவர் எந்த நாளும் திரும்பி வரலாம். அவருக்கும் நமக்கும் நடுவில் வேறு ஒருவரும் வேண்டாம். அதனால்தான் தலைப்பில் அந்த இரண்டு சொல்லையும் விட்டேன். மறதி இல்லை அத்தான்.

எல்லாமே எனக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பெண்கள் முக்காடு போட வேண்டும், கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது. என்னைத் தெரியும்தானே? கூட்டம் முடியும் வரை கேள்விகளைத் தொண்டைக்குள் வைத்திருந்துவிட்டு, வாசலில் கிறிஸ்ரோபர் அண்ணனை மறித்துப் பிடித்து ஒவ்வொன்றாகக் கேட்பேன். மனுசன் சைக்கிளை ஒரு காலில் தாங்கிக்கொண்டு நின்று பதில் சொல்லுவார்.

இனி நீங்கள் கோபிக்கப் போகிற இடம். இவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. பிள்ளையைக் கையில் ஏந்திச் செபிப்பார்கள், அவ்வளவுதான். நம்பித் தானே வந்து கேட்கிறவருக்குத்தான் ஞானஸ்நானம், அதுவும் கிட்டங்கி ஆற்றில் முழுக்கு. பிள்ளை பிறந்து உடம்பு தேறிய பிறகு எனக்கும் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆகவே நம் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வராது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் உங்களிடம் ஒளிக்க எனக்குத் தெரியாது.

அன்பு மனைவி,
றஞ்சிதமலர்

*

மாதா துணை

தோகா,
25.04.1982

றஞ்சிதம்,

உன் கடிதம் கிடைத்து இரண்டு நாள் கழித்துத்தான் பதில் எழுத உட்காருகிறேன்.

பாணைப் பற்றியும் முக்காட்டைப் பற்றியும் நீ எழுதியதை ரசித்துத்தான் வாசித்தேன். ஜெமீலுக்கும் வாசித்துக் காட்டினேன். “நடுவுல ஆளில்ல, சுரூபமில்ல, பொம்பிளைக்கு முக்காடு. அப்ப அவங்க எங்கட பக்கம் பாதி வழி வந்துட்டாங்க மச்சான்!” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு கடைசிப் பகுதி வந்தது.

சூறாவளி அடித்த அந்தக் கிழமையை நீ மறந்துவிட்டாயா? மூத்தவள் பிறந்த அன்றுதான் காற்று கிளம்பியது. கூரை போய், தென்னைகள் எல்லாம் தெருவை மூடி விழுந்து, சுவாமியாரைக் கூப்பிடப் போக வழியில்லாமல் நான் மரங்களுக்கு மேலால் ஏறி விழுந்து போனேன். திரும்பி வரும்போது பிள்ளை இல்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்று உபதேசியார் பழைய வழக்கப்படி சேமக்காலையின் வேலியோரமாகப் புதைக்க இடம் காட்டிவிட்டார். அந்தக் குழியை வெட்டியது நான். மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, அவள் நடுவில் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறாள் என்று என் தாயார் சொல்லித்தந்த பாடம் இன்றைக்கும் என் நெஞ்சில் கிடந்து அரிக்கிறது. இன்னொரு பிள்ளையை அந்த வேலியோரத்தில் வைக்க என்னால் முடியாது. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

கிறகரி

*

கர்த்தர் துணை

கல்முனை,
10.06.1982

அன்புள்ள அத்தானுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். மகன். கறுப்பன், உங்களைப் போலவே அகன்ற நெற்றி, பால் ஒரு நிமிடம் தாமதித்தால் கல்முனைச் சந்தை வரை கேட்கிற குரல். நீங்கள் ஆசைப்பட்டபடி கிளமென்ற் என்றே கூப்பிடுகிறோம். உங்கள் அக்காதான் எனக்குப் பத்தியச் சரக்கு அரைத்துத் தந்து, பிள்ளையைக் குளிப்பாட்டி எல்லாம் செய்கிறா. என்னோடு மட்டும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. சபையைத் திட்டுவதென்றால் பிள்ளையைப் பார்த்துத் திட்டுகிறா, பிள்ளையும் கேட்டுச் சிரிக்கிறது.

மறந்துவிட்டாயா என்று கேட்டீர்கள். அத்தான், நான் அந்தக் கொட்டகைக்கு ஏன் போனேன் தெரியுமா? பாட்டுக்குப் போகவில்லை, பாணுக்கும் போகவில்லை. மூத்தவள் எங்கே என்று கேட்கத்தான் போனேன். கோயிலில் கேட்டால் ஆண்டவரின் சித்தம் என்பார்கள், அதோடு கதை முடிந்தது. முதல் நாளே வாசலில் நின்று கிறிஸ்ரோபர் அண்ணனைக் கேட்டேன். அவர் ஒரு கிழமை தேடிப் பார்த்துவிட்டு வந்து, வேதத்தில் ஒரு ராசாவின் கதையை எடுத்துக் காட்டினார். பிறந்த பிள்ளை செத்ததும் அந்த ராசா எழும்பி முகம் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தானாம். பிள்ளை இனித் தன்னிடம் வராது, தான்தான் ஒருநாள் பிள்ளை இருக்கிற இடத்துக்குப் போவேன் என்றானாம்.

“தங்கச்சி, அவன் ஆண்டவரிட்டப் போறவன். அப்ப பிள்ளையும் அங்கதானே இருக்க வேணும்? இதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரியாததத் தெரியும் எண்டு சொல்ல மாட்டன்” என்றார். அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான் அடுத்த ஞாயிறும் போனேன்.

தண்ணீர் ஊற்றினால்தான் கிளமென்ற் ஆண்டவருடைய பிள்ளை என்று நான் ஒத்துக்கொண்டால், மூத்தவள் அவருடைய பிள்ளை இல்லை என்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். அது என்னால் ஏலாது. பிடிவாதம் என்று நினைத்தாலும் நினையுங்கள்.

ஜெமீல் அண்ணனிடம் சொல்லுங்கள், பாதி வழி வந்தது உண்மைதான், மற்றப் பாதிதான் தூரம் என்று.

அன்பு மனைவி,
றஞ்சிதமலர்

*

மாதா துணை

தோகா,
02.07.1982

அன்பின் றஞ்சிதம்,

நீ அனுப்பிய மகனின் படத்தைக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். ஜெமீல் தினமும் அவனுக்குச் சலாம் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறான்.

நீ எழுதியதை எத்தனையோ தரம் வாசித்துவிட்டேன். உன்னோடு வாதாட எனக்குப் படிப்புக் காணாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் பக்கம் பிழை என்றால் சிந்திய தண்ணீர்தான் நட்டம். உன் பக்கம் பிழை என்றால்? நீ நம்ப வேண்டாம். எனக்காக ஊற்ற விடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்,
கிறகரி

*

கர்த்தர் துணை

கல்முனை,
20.08.1982

அன்புள்ள அத்தானுக்கு,

பயப்படாமல் வாசியுங்கள். பிள்ளை இப்போது நல்ல சுகம், என் மடியில் கிடந்து இந்தத் தாளை இழுக்கிறான்.

போன கிழமை காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. ஆசுபத்திரியில் மருந்து ஏற்றிவிட்டுப் பொறுத்திருந்து பார்ப்போம் என்றார்கள். மத்தியானம், நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு செபித்தபடி நிற்கிறேன். உங்கள் அக்கா ஒரு பேணியில் தண்ணீர் கொண்டு வந்தா. குடிக்கத்தான் தருகிறா என்று கையை நீட்டினேன். தரவில்லை. பிள்ளையின் தலைமாட்டில் அப்படியே நின்றா. கை நடுங்கித் தண்ணீர் நிலத்தில் சிந்தியது.

“மைனி, வேணாம்” என்று சொல்ல வாய் எடுத்தேன்.

“அண்டைக்கு நான்தான் புள்ளய வச்சிருந்தன் மனே” என்றா. “கூரை போகுது, கூரை போகுது எண்டு மேலயே பாத்துக்கொண்டு நிண்டன். அவசரத்துக்கு ஆரும் தண்ணி ஊத்தலாம் எண்டு எனக்குத் தெரியும். அந்த நேரம் நினைவு வரல்ல. பிறகு குனிஞ்சு பாக்கக்குள்ள புள்ள போயிட்டு.”

இந்த நாலு வருசமும் அவ இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. நான் அழுதேன், அவவும் அழுதா.

“ஊத்துங்க மைனி” என்றேன்.

அவ ஊற்றினா. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. பின்னேரம் காய்ச்சல் இறங்கியது. அவ அது தண்ணீரால் என்கிறா, நான் செபத்தால் என்கிறேன், தாதி ஊசியால் என்கிறா.

இதைக் கிறிஸ்ரோபர் அண்ணனிடம் மறைக்க விருப்பமில்லை. போய்ச் சொன்னேன்.

“தண்ணியிலதான் இரட்சிப்பு எண்டு நினைச்சியா தங்கச்சி?”

“இல்ல.”

“அப்ப ஏன் விட்டாய்?”

“மைனிர கை நடுங்கினத நீங்க காணல்ல அண்ணன்.”

அவர் சைக்கிளைத் திருப்பினார். பிறகு, மற்ற மூப்பர்மாரோடு கதைக்க வேண்டும், அதுவரை என் முழுக்கு நிற்கட்டும் என்றார். எனக்குப் பொல்லாத கோபம். அவர் கேட்டது நியாயம் என்றும் பட்டது, அதனால் கோபம் இன்னும் கூடியது.

உங்களுக்கு இனிக் கிளமென்றைப் பற்றிப் பயமில்லை. ஆனால் மூத்தவளைப் பற்றிய உங்கள் பயம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்கு ஊற்ற என்னிடம் தண்ணீர் இல்லை அத்தான்.

அன்பு மனைவி,
றஞ்சிதமலர்

*

மாதா துணை

தோகா,
08.09.1982

என் அன்பு றஞ்சிதம்,

உன் கடிதத்தை வாசித்து முடித்துவிட்டு, ஆம்பிளைகள் நிறைந்த அறையில் வெட்கமில்லாமல் அழுதேன். ஜெமீல் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தந்தான். அவனிடம் இதுவரை சொல்லாததை எல்லாம் சொன்னேன். வேலியோரத்தையும் சொன்னேன்.

“எங்களுக்கும் புள்ள ஒண்டு மௌத்தாப் போச்சு மச்சான்” என்றான். அவன் இதை எனக்குச் சொன்னதே இல்லை. “சின்னப் புள்ளைக்கு என்ன பாவம்? அது சுவர்க்கத்துல உம்மா வாப்பாவுக்குக் காவலிருக்கும் எண்டு எங்கட பள்ளி ஹஸ்ரத் சொல்லுவார். எங்கடவட பேரு சபியா. உன்ர புள்ளைட பேரென்ன?”

பேர் இல்லை என்றேன். ஞானஸ்நானத்தில்தான் பேர் வைப்பது, அது நடக்காததால் நாங்கள் வைக்கவில்லை என்று விளங்கப்படுத்தினேன். அவனுக்கு விளங்கவில்லை. “பேரில்லாத புள்ளய மறுமையில என்னண்டு தேடுவாய்டா?” என்றான்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பு ஒன்றும் இல்லை. றஞ்சிதம், உன் சபையில் எத்தனை கேள்வி கேட்டிருப்பாய், நான் உன்னிடம் எத்தனை கேட்டேன். இதை இரண்டு பேரும் கேட்கவே இல்லையே. நீ மனதுக்குள் அவளை ஏதாவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாய். எனக்கும் சொல்லு. உபதேசியார் என்ன சொன்னாலும் சரி, லீவில் வந்ததும் அந்தப் பேரை ஒரு கல்லில் வெட்டி வேலியோரத்தில் நடுவேன். அவள் நடுவில் எங்கோ இருக்கிறாள் என்று இனி நான் சொல்ல மாட்டேன். யார் சொன்னது சரி என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவளை அங்கே விட்டுவைக்க எனக்கு இனி ஏலாது.

நீ போய் முழுகு. எனக்கு அது விளங்காது, நான் கோயிலை விட்டு வரவும் மாட்டேன். ஆனால் கிறிஸ்ரோபரிடம் சொல், ஊற்றச் சொல்லி நச்சரித்தது புருசன், பழியை அவன் தலையில் போடட்டும் என்று.

உன்,
கிறகரி

*

கர்த்தர் துணை

கல்முனை,
11.10.1982

அன்புள்ள அத்தானுக்கு,

மூப்பர்மார் ஒருவழியாகச் சம்மதித்து, நேற்றுக் கிட்டங்கியில் முழுகினேன். நம்புகிறாயா என்று கேட்டார்கள், ஓம் என்றேன். கிறிஸ்ரோபர் அண்ணன் என்னைத் தண்ணீருக்குள் அமிழ்த்தித் தூக்கினார். உங்கள் அக்கா வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்து, கரையில் மற்றப் பக்கம் திரும்பி நின்றா.

நீங்கள் கேட்டது. ஓம் அத்தான், ஒரு பேர் வைத்திருக்கிறேன். பால் கட்டி நெஞ்சு நோவெடுத்த அந்த நாட்களிலேயே வைத்துவிட்டேன். அமலா. பேர் வைக்க உரிமை இல்லாத பிள்ளை என்று நினைத்துத்தான் உங்களிடம்கூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே உங்கள் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பேரையும் சொன்னேன். அவ பிள்ளையை என் கையில் தந்துவிட்டு முற்றத்துப் படியில் போய் இருந்தா. கொஞ்ச நேரத்தால் அங்கிருந்தே கேட்டா:

“இதை முதலே சொல்லியிருக்கலாமே மனே. நான் இவ்வளவு காலமும் ‘அந்தப் புள்ள, அந்தப் புள்ள’ எண்டெல்லோ மாதாவிட்ட மண்டாடினன்.”

அன்பு மனைவி,
றஞ்சிதமலர்