ரோஸியின் கல்யாணக் கேக்குக்கு டப்பா ஐசிங்

என் அன்பு மேரிக்கு,

நம் ரோஸியின் கல்யாணம் போன திங்கட்கிழமை நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் சாமளாபுரத்திலிருந்து ஒரு பஸ் நிறைய வந்தார்கள். சாப்பாட்டில் குறையில்லை. ஆனால் ஒன்று. உன் தங்கச்சி உன் கல்லறைக்கு வந்து வத்தி வைப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கேக்குக்கு டப்பா ஐசிங்தான் பூசினோம்.

ஆஸ்பத்திரியில் நீ கேட்டது அது ஒன்றுதான். "ஊருப் புள்ளைங்க கல்யாணத்துக்கெல்லாம் நான் ஐசிங் போட்டிருக்கறேன். நம்ம புள்ளைக்குக் கடையில வாங்கிப் பூசிப்போடாதீங்க. நம்ம ஊட்டுலதான் அடிக்கோணும்" என்றாய். நானும் தலையை ஆட்டினேன்.

முயற்சி செய்யாமல் இல்லை. கேக்கை பேக்கரியில் சுடச் சொல்லிவிட்டு, ஐசிங்குக்குச் சர்க்கரை இடித்து, கையில் கிடைத்த புதுப் பனியன் துணியில் சலித்தேன். சர்க்கரையோடு பஞ்சும் விழுந்தது. மறுநாள் மல் துணியில் சலித்து, முட்டையின் வெள்ளைக் கருவோடு கை கடுக்க அடித்தேன். மோர் மாதிரி வழிந்தது. நீ எவ்வளவு நேரம் அடிப்பாய்? இத்தனை வருடம் கூட இருந்தும் அதைக் கேட்டுவைக்கவில்லையே.

கடைசியில் நம் சலவைப் பட்டறை முதலாளியம்மா, பம்பாயிலிருந்து வந்த சீமை ஐசிங் டப்பா இரண்டைக் கொடுத்தனுப்பினார். திறந்தால் பழுப்பு. பட்டறையில் அந்த நிறத்தில் பனியன் வந்தால் நான் மூட்டை கட்ட விடமாட்டேன். கடைசியாக நீலத் தண்ணீரில் முக்கினால்தானே துணி பளீரென்று இருக்கும்? அந்தப் பழக்கத்தில், பட்டறை நீலத்தில் ஒரு சிட்டிகையை ஐசிங்கில் போடப் போனேன்.

ரோஸி கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அது துணிக்குப் போடறதுங்க! வந்த சனத்தையெல்லாம் படுக்க வெச்சுப்போடுவீங்களாட்ட இருக்குது!" பிறகு உன் தகரப் பெட்டியிலிருந்து, கேக்குக்குப் போடும் நீலக் கலர் சீசாவை எடுத்து, ஊசிமுனையில் தொட்டுக் கலக்கினாள்.

"அம்மா எப்பவும் இப்படித்தானுங்கப்பா. பட்டறைக்குச் சோறு கொண்டாந்தப்ப உங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டாங்களாமா. 'உங்கப்பாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு, அப்பறம் அவரைக் கையில புடிக்க முடியாது'ன்னாங்க."

சொல்லியிருக்கலாமே, மேரி? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உன் ஐசிங்கைப் பார்த்து, நம் பனியன் ஒருநாளும் இப்படி வெளுக்கவில்லையே என்று மனதுக்குள் பொருமியிருக்கிறேன்.

டப்பா ஐசிங் உன் வெள்ளைக்கு வரவில்லை. பழுப்பு மட்டும் போயிற்று. கேக் வெட்டியபோது கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் அந்த நீலத்தின் கதையைச் சொன்னேன். "போதுங்க மாமா, எனக்கே மூணாவது தடவை சொல்றீங்க" என்றாள் உன் தங்கச்சி. நீ சொன்னது சரிதான், என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. நடுவில் அழுகையும் வந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு ரோஸி வருகிறாள். அதற்குள் ஐசிங் வழியாமல் நிற்கும் வரை அடித்துப் பழகிவிடுவேன். இனி டப்பா இந்த வீட்டுக்குள் வராது. நீலத்தையும் நானேதான் போடுவேன். அது நீ என்னிடம் கற்றுக்கொண்டது.

உன் வீட்டுக்காரன்,
ரோஸியின் அப்பன்