படத்தில் விழாதது

வில்காரா பண்ணை, குன்னமுல்லா
14 மே 2018

அன்புள்ள மெர்ல்,

நலம். டுவூம்பாவில் நம் மகள் வீட்டில் நீயும் நலமாக இருப்பாய். மூன்று வாரமாக உன் கடிதம் இல்லை. தபால் லாரி வியாழக்கிழமைகளில் மட்டும் வரும் என்பதை மறந்துவிட்டாயா, அல்லது என்னையே மறந்துவிட்டாயா?

தோல் பரிசோதனை வண்டி ஊர்த் திடலுக்கு வந்திருந்தது. முதுகு முழுவதையும் படம் எடுத்து, ஒவ்வொரு மச்சத்தையும் பெரிதாக்கி, போன வருஷப் படத்தோடு ஒப்பிட்டார்கள். கறுப்பு மச்சமெல்லாம் அப்படியே இருக்கிறதாம். தோள்பட்டைக்குக் கீழே புதிதாக ஒரு சிவப்புப் பரு. அதில் பயமில்லை என்று கணினி சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் என் முதுகைப் பார்த்துப் பேனாவால் வட்டம் போடுவாயே, இனி உனக்கு அந்த வேலையும் மிச்சம்.

டெஸ்

டுவூம்பா
1 ஜூன் 2018

அன்புள்ள டெஸ்,

உன் கேலி இருக்கட்டும். தோல் டாக்டரிடம் இருபது வருஷம் நர்சாக இருந்தவள் கேட்கிறேன்: அந்தப் பரு மேடாக இருக்கிறதா? தொட்டால் கெட்டியாக இருக்கிறதா? வளர்கிறதா?

மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் எப்போதும் கறுப்பாக இருப்பதில்லை. சில வெறும் சிவப்பாக, கொசுக்கடி போல இருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் படத்தில் அப்பாவியாகவே தெரியும். எங்கள் டாக்டர் சொல்வார்: "படம் பாத்து மனசு சமாதானம் ஆகலாம் மெர்ல், நோய் சமாதானம் ஆகாது. சந்தேகம்னா வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பிடணும்."

உடனே எழுது.

மெர்ல்

வில்காரா
22 ஜூன்

அன்புள்ள மெர்ல்,

மேடுதான். சட்டைப் பொத்தான் அளவு, கெட்டியாகவும் இருக்கிறது. துவைக்கும்போது சட்டையில் ஒரு சொட்டு ரத்தம் தெரிகிறது. பக்கத்துப் பண்ணை பாரி பார்த்துவிட்டு, "என்னடா டெஸ், பொண்டாட்டி போனதும் உடம்புக்கு ரோஷம் வந்துடுச்சா?" என்று சிரிக்கிறான்.

ஆட்டு மயிர் கத்தரிக்கும் ஆட்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். அவர்களை விட்டால் வருஷம் முழுக்க ஆள் கிடைக்காது. அது முடியட்டும். இயந்திரமே பயமில்லை என்ற பிறகு உனக்கென்ன?

டெஸ்

டுவூம்பா
6 ஜூலை

டெஸ்மண்ட்,

கத்தரிப்பு பெரிதா, உயிர் பெரிதா? செவ்வாய்க்கிழமை பஸ் ஏறு. இங்கே டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பின்னறை காலியாக இருக்கிறது.

நான் அங்கிருந்து கிளம்பியது, ஊரில் சொல்வது போல மழையில்லாப் பஞ்சத்தால் இல்லை என்று உனக்குத் தெரியும். பதினோரு நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாய். அதே மாதிரி இப்போதும் இருந்துவிடாதே.

மெர்ல்

டுவூம்பா
10 ஆகஸ்ட்

டெஸ்,

ஐந்து வியாழன் போய்விட்டன. பண்ணைத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. பாரியிடம் கேட்டால், "ஆளு கொட்டகையிலதான் இருக்கான், நல்லாத்தான் இருக்கான்" என்கிறான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மெர்ல்

வில்காரா
30 ஆகஸ்ட்

அன்புள்ள மெர்ல்,

கத்தரிப்பு முடிந்ததும் ஊர் ஆஸ்பத்திரியில் வெட்டி அனுப்பினார்கள். நீ சொன்னதுதான். ஐந்து மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கிறது. அக்குளிலும் ஒரு கட்டி. பிரிஸ்பேன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள்.

இயந்திரத்தைத் திட்டாதே. உனக்கு நான் பாதியைத்தான் எழுதினேன். படம் எடுத்த பெண் அன்றைக்கே சொன்னாள்: "இது வெறும் படந்தாங்க. செவப்பா இருக்கிறதுல எங்க மெஷினும் ஏமாந்துபோகும். வளர்ந்தா அடுத்த வருஷம்னு இருக்காதீங்க, டாக்டரைப் பாருங்க." எனக்குப் பிடித்த பாதியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

உன்னிடம் வரப் பயமில்லை, மெர்ல். அங்கே உன்னோடு நாலு நாள் இருந்து, பேச்சுக்குரல் கேட்டு, உன் சமையல் சாப்பிட்டுவிட்டு, மறுபடி இந்த வீட்டுக்குத் தனியாகத் திரும்பி வரத்தான் பயம். அந்தப் பயத்தில் இரண்டு மாதத்தை விட்டுவிட்டேன்.

டெஸ்

டுவூம்பா
3 செப்டம்பர்

டெஸ்,

ஆடுகளைப் பாரி பார்த்துக்கொள்வான், பேசிவிட்டேன். செவ்வாய்க்கிழமை பஸ் நிலையத்தில் நிற்பேன். பிரிஸ்பேனுக்கும் நானே கூட்டிப் போகிறேன். திரும்பிப் போக டிக்கெட் எடுக்காதே.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அது தீரும்வரையாவது இரு.

மெர்ல்