நல்ல கையைப் பிடித்துப் பார்த்த மேடம்

பாப்பாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், நீயும் உடனே நம்பிவிடுவாய், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

பக்கவாதத்தில் அப்பாவின் வலது கை விழுந்ததிலிருந்து ஆக்குபேஷனல் தெரபிக்கு ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள் இல்லையா, உன் தொழில்தான், ஆனால் அவள் உதவியாளர். சட்டைப் பொத்தான் போட, கரண்டி பிடிக்கப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறாள். முதலில் அவள் மேலேயே ஒரு கண் வைத்திருந்தேன், என் புத்தி உனக்குத் தெரியுமே. பிறகு சந்தேகம் இடம் மாறியது. தினமும் அதே ஸ்பாஞ்சுப் பந்து, அதே அமுக்கல். அமுக்க அமுக்க விரல்கள் உள்ளே மடங்கிக்கொண்டே போயின, விரிக்கப் போனால் அப்பா பல்லைக் கடிக்கிறார். இதை நிறுத்தக் கூடாதா என்று கேட்டேன். எனக்கும் அப்படித்தான் தோணுதும்மா, ஆனா பயிற்சிய மாத்துற அதிகாரம் எனக்கில்ல, என் லைசென்ஸ் தெரபிஸ்ட் மேடத்துக்குக் கீழ வேலை செய்யத்தான், அவங்க வந்து பாத்து மாத்தணும் என்றாள். அந்த மேடம் எப்போது வருவார் என்றால், இதுவரைக்கும் ஒரு தடவகூட வந்ததில்லம்மா என்று கண் கலங்குகிறாள்.

அவளை அனுப்புகிற ஆபீசுக்குப் போன் போட்டேன். மேடம் உங்க வீட்டுக்காரரைக் கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க என்றார்கள். எங்கிருந்து, பரண் மேலிருந்தா? விதிப்படி நேரில் வர வேண்டாமா, லைசென்ஸ் கொடுத்த இடத்துக்கே எழுதவா என்று கேட்டதும் மறுநாளே வந்து நின்றாள் மகராசி. நாற்காலியை இழுத்துப் போட்டு, அப்பாவின் இடது கையைப் பிடித்து, விரல்களை நீட்டி மடக்கி, அடேயப்பா, நல்லா முன்னேறியிருக்கே என்றாள். அப்பா பாவம், மரியாதைக்குச் சிரித்தார். அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மேடம், அது நல்ல கை என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அதற்குப் பிறகுதான் பந்தை நிறுத்தி, விரல்களை விரித்து வைக்க ஒரு பட்டை கொடுத்தாள். முன்னாடியே பாத்திருந்தா இவ்வளவு இறுகியிருக்காது என்று அவள் வாயாலேயே வந்தது. இனி முழுசாக விரியுமா என்றால், பார்க்கலாம் என்கிறாள். யாராவது வீட்டுக்கு வந்தால் அப்பா அந்தக் கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொள்கிறார்.

அன்றிலிருந்து எனக்கு இன்னொரு சந்தேகம், சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். உனக்குப் பதவி உயர்வு வந்தபோது, எனக்குக் கீழ நிறைய உதவியாளருங்கம்மா, எல்லாரையும் வீட்டிலிருந்தே பாத்துக்கிறேன், விதியில அதுக்கு இடமிருக்கு என்று போனில் சொன்னாய். நான் பூரித்துப்போய் அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். விதியில் இடமிருக்கலாம். ஆனால் கண்ணு, நீ கடைசியாக ஒரு நோயாளியின் வீட்டுப் படியேறியது எப்போது? நம்ம பாப்பா அப்படியெல்லாம் இருக்காது என்று அப்பா அடித்துச் சொல்கிறார். நான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கழுத்து வலியை அலட்சியம் செய்யாதே. நீங்கள் இருவரும் நூறாண்டு வாழ வேண்டும். இதற்குப் பதிலைப் போனில் சொல்லாதே, சிரித்தே மழுப்பிவிடுவாய். ஒரு வீட்டுக்காவது போய்ப் பார்த்துவிட்டு எழுது.

உன்மேல் உயிரையே வைத்திருக்கிற, இந்த ஒன்றில் மட்டும் உன்னை நம்பாத,
அம்மா