கற்பூரம் ஏற்றாத கை

என் செல்ல அம்மாவுக்கு,

போகிக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். நீ பார்த்திருப்பே. பார்த்தும் எப்படிம்மா சும்மா இருந்தே?

பொங்கல் லீவு, சென்னையே ரோட்டில் நின்றது. உன் மருமகன் வண்டி ஓட்ட, உனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். திண்டிவனத்தில் டீ குடிக்க இறங்கியபோதுகூட அதைக் கீழே வைக்கவில்லை. நாற்றம் தாங்காமல் உன் பேத்தி வழியெல்லாம் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டே வந்தாள்.

விழுப்புரம் தாண்டி நம் வீட்டுக்குப் போனால் சித்தப்பா படையலுக்கு எல்லாம் தயாராக வைத்திருந்தார். உன் போட்டோவுக்கு முன்னால் புதுப் புடவை, தலைவாழை இலை, வடை, பாயசம். குழம்பை நானே இலையில் ஊற்றினேன். அதற்குத் தடையில்லை. கற்பூரத் தட்டை எடுத்தேன் பார், அப்போதுதான் சித்தப்பா கையை நீட்டி மறித்தார்.

"நீ வுடும்மா. கட்டிக் குடுத்த பொண்ணு ஏத்துனா ஊரு என்னா சொல்லும்? தம்பி போன்ல வந்துக்கினு இருக்கான், கொஞ்சம் தள்ளி நில்லு."

தம்பி துபாயில். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, லீவு கிடைக்காமல் அவனும்தான் தவிக்கிறான். ஆனால் உனக்கு நேர் எதிரே ஸ்டூல் போட்டு, அதில் அரிசிப் படி வைத்து, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தார்கள். போனுக்கு இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அதுவும் சிக்னல் போய், தம்பி திரையில் அரைக்கண்ணோடு அப்படியே உறைந்து நின்றான். சோறு ஆறிப்போகிற வரைக்கும் எல்லாரும் அந்த அரைக்கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கடைசியில் சித்தப்பா, "தம்பி, உன் பேர்ல நானே ஏத்திடறேன்" என்று ஏற்றினார். அவர் கை ஆகும், போன் ஆகும், என் கை மட்டும் ஆகாதா? படுக்கையில் கிடந்தாயே, அப்போது உன்னைக் குளிப்பாட்டித் துடைத்து, தலைவாரி, கஞ்சி ஊட்டியது எந்தக் கை? அன்றைக்கு எந்த ஊர் வந்து என்னைத் தள்ளி நிற்கச் சொன்னது?

இதில் நீ வேறு! மாடியில் சோறு வைத்ததும் ஒரே காக்கா வந்தது. என் குழம்புச் சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வடையைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. "பாத்தியா, புள்ள பேர்ல ஏத்துனதும் அண்ணி ஜல்தியா வந்துட்டாங்க" என்றார் சித்தப்பா. உனக்கு என்றைக்கும் அவன்தானே செல்லம்? காக்காவாகியும் மாறவில்லையா?

சாப்பிட்டோம் என்று பேர் பண்ணிவிட்டுக் கிளம்பிவிட்டேன். சென்னைக்குத் திரும்பும் வழியில் கூட்டேரிப்பட்டு வந்தது. அங்கே உன் பேத்தி கேட்டாள்: "அம்மா, எனக்குத் தம்பி இல்லையே. உனக்கு நான் ஏத்துனா சாப்பிட வருவியா, வரமாட்டியா?"

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். அவளைக் கட்டிக்கொண்டு, "உன் கையால எது வச்சாலும் வருவேன்டி" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. எனக்கு அவள் கை போதும் என்றால், உனக்கு என் கை போதாமல் போகுமா? அந்தச் சட்டம் உன்னுடையதே இல்லை.

அங்கேயே ஒரு கடையில் கற்பூரம் வாங்கிக்கொண்டேன். அடுத்த போகிக்கு அது என்னோடு வரும். சித்தப்பா மறிக்கட்டும், ஊர் பேசட்டும், போன் பாட்டுக்கு ஸ்டூலில் இருக்கட்டும். நான் தள்ளி நிற்க மாட்டேன். பக்கத்தில் உன் பேத்தியும் நிற்பாள், எப்படி ஏற்றுவது என்று அவள் பார்த்துக்கொள்ள வேண்டும். நீ வடையையே தூக்கிக்கொண்டு போ, பரவாயில்லை. வந்தால் போதும்.

கட்டிக் கொடுத்த பிறகும் உனக்கு மகளாகவே இருக்கும்,
உன் மூத்த பொண்ணு