கொண்டைக்காரியின் கடைசி முட்டைகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் முட்டிவலிகூட இந்த வாரம் அடங்கியிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய இன்குபேட்டரில் முதல் தடவை வைத்த முட்டைகளில் ஒன்றுதான் பொரிந்தது, அதுவும் பிழைக்கவில்லை. மறுபடி வைக்க முட்டை சேர்க்கும்போது அம்மாவின் செல்லக் கோழி கொண்டைக்காரியை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. இப்போது உள்ளே இருப்பவை அவள் இட்ட கடைசி முட்டைகள். இவையும் போனால் அந்த வம்சமே இல்லை என்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பொரியாத பழைய முட்டைகளை உடைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் முழுதாக வளர்ந்த குஞ்சுகள், ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தன. உள்தோல் காகிதம்போல் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆகவே முட்டையில் குறையில்லை. இன்குபேட்டர் தெர்மாமீட்டரை வெதுவெதுப்பான நீரில் வைத்து, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டேன்; சரிதான். ஈரத்துக்காக உள்ளே வைக்கும் தண்ணீர்த் தட்டும் நிறைந்தே இருந்தது. பிறகு ஈரம் எங்கே போயிற்று என்று குழம்பினேன். அம்மா கேட்டாள், “கதவப் பூட்டினோமான்னு பாக்கத் தெருமுனையிலேருந்து திரும்பி வர்ற மனுஷன், இந்த மூடிய மட்டும் சும்மா விட்டிருப்பீங்களா?” உண்மைதான், சூடு சரியா என்று நொடிக்கொரு தரம் திறந்து ஈரத்தையெல்லாம் வெளியே விட்டவன் நானேதான். சிரித்துவிட்டு அவளும் ஒப்புக்கொண்டாள், நான் குளிக்கப் போகும்போதெல்லாம், “பாவம், உள்ள புழுங்குமே” என்று அவளும் திறந்து வைத்தாளாம்!

இந்தத் தடவை முட்டை திருப்ப மட்டுமே திறந்தோம். கடைசி மூன்று நாள் திருப்புவதையும் நிறுத்தி, தட்டை நிரப்பி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டேன். காலையிலிருந்து ஓடுகளில் விரிசல் விழுகிறது. ஒன்று மட்டும் கீறலோடு அப்படியே நிற்கிறது, உதவலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. “அது அதோட வேலையப் பாக்கட்டும், நீங்க பொண்ணுக்குக் கடுதாசி எழுதுங்க” என்று அம்மா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார வைத்துவிட்டாள்.

இதோ, கூப்பிட்டாள், போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நான்கு வெளியே வந்துவிட்டன, அந்தக் கீறல் முட்டையும் திறந்துவிட்டது, மற்றவையும் ஆடுகின்றன. முதலில் வந்தது அதற்குள் இன்னொன்றின் முதுகில் ஏறி மிதிக்கிறது. “ஆத்தாளோட திமிரு அப்படியே இருக்கு பாருங்க” என்று அம்மா மூடியின் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு திட்டுகிறாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. குஞ்சுகளின் உடம்பு ஈரம் உலரும்வரை மூடியைத் திறக்கமாட்டேன்.

இருவரும் எல்லா நலமும் பெற்று நீடு வாழ எங்கள் ஆசி. புது தெர்மாமீட்டர் அனுப்புவதாகச் சொன்னாயே, வேண்டாம். இருப்பது சரியாகத்தான் காட்டுகிறது.

உன் அப்பா