ஸ்கூட்டர் சாவியைத் தேட வேண்டாம்

என்னங்க,

ஆட்டுப் பட்டிக்குப் போகிறேன், இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். அடுத்த மாதம் மந்தை மேட்டுக்கு ஏறுகிறது. அதற்குள் நம் துரை இளைத்தாக வேண்டும். போன தடவை ஆட்டை மடக்கச் சொன்னால், பாறை நிழலில் படுத்துக்கொண்டு வாலை மட்டும் ஆட்டிய நாய் அது.

வெயில் தாழ்ந்ததும் பாலம் வரை ஓட விடுங்கள். திரும்பி வந்து இளைப்பு அடங்கின பிறகு, நீலச் சட்டியில் இருக்கும் கறியும் பூசணிக்காயும் ஒரு கரண்டி. பாவமாகப் பார்க்கும். தின்ற பிறகும் அப்படித்தான் பார்க்கும்.

ஸ்கூட்டர் சாவி என்னிடம் இருக்கிறது. தினமும் துரையை ஓட விடுகிறீர்கள் என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன். நேற்று பேக்கரிக்காரர் சொல்கிறார்: "ரெண்டு பேரும் ஸ்கூட்டர்ல ஜம்முனு வந்து, ஆளுக்கொரு பன் சாப்பிட்டுத்தான் போறாங்க." இத்தனை நாளும் ஓடியது ஸ்கூட்டர், இளைத்தது பெட்ரோல்!

கேட்டதற்கு, "நாயைக் கவனிக்கிற அளவுக்கு என்னைக் கவனிக்கிறியா?" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டீர்கள். யோசித்துப் பார்த்தேன், நியாயம்தான். பச்சைச் சட்டியில் உங்களுக்கும் பூசணிக்காய் வைத்திருக்கிறேன்.

முட்டி வலித்தால் பாலத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பேக்கரியில் வேண்டாம்.

பி.கு.: எடை பார்க்கும் மெஷின் கதவோரம் இருக்கிறது. துரை தனியாக நிற்காது. முதலில் நீங்கள் ஏறுங்கள், பிறகு அதைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். கழித்தால் வருவது அதன் எடை. முதலில் வந்ததையும் மறைக்காமல் எழுதி வையுங்கள். இனி அதையும் கவனிக்கப் போகிறேன்.