கியர் விளக்குக்குப் புது பல்பு

நம் வீட்டு எஜமானியம்மாவுக்கு உன் புருஷன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

முதலாளியின் காரில் கியர் எங்கே நிற்கிறது என்று எழுத்தில் காட்டும் விளக்கு அணைந்துவிட்டது. ஒரு வாரமாக 'டக் டக்' சத்தத்தை எண்ணியே கியர் மாற்றினேன். நேற்று எண்ணிக்கை தப்பி, வண்டி பின்னால் போய்ச் சுவரிடம் நலம் விசாரித்தது. எனக்குக் கீறல்கூட இல்லை.

மெக்கானிக் புது பல்பு மாட்டி, "எப்படிண்ணே, பளிச்சுன்னு தெரியுதா?" என்றான். அப்போதும் எனக்கு எழுத்து மங்கலாகத்தான் தெரிந்தது. "கல்யாண வீடு மாதிரி இருக்குப்பா" என்றேன். கண் கோளாறு தெரிந்தால் வேலை போய்விடும்.

பிள்ளைகளிடம் சொல்லாதே. என் பழைய கண் டாக்டர் சீட்டைத் தேடி அனுப்பு. இனிமேல் பெரிய எழுத்தாக எழுது. போன கடிதத்தில் பாதிதான் படிக்க முடிந்தது. முதலாளி கூப்பிடுகிறார், வண்டியை எடுக்கப் போகிறேன்.